உஷார்! மருதாணிக்குக் கீழே பூஞ்சை வளர்கிறது

பாகூரில் சம்பா நடவு தொடங்கிவிட்டால் நம் பெண்களின் கால்கள் விடிந்ததிலிருந்து பிற்பகல் வரை சேற்றில்தான். வில்லியனூர் பக்கம் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குப் போகும் பிள்ளைகளின் கால்களோ ஷிப்ட் முடியும்வரை ஷூவுக்குள் வியர்வையில் ஊறுகின்றன. பூஞ்சைக்கு இரண்டும் நல்ல விளைநிலம். முதலில் விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாக வரும். அதை அசட்டையாக விட்டால் பக்கத்திலிருக்கும் நகத்துக்குள் புகுந்துகொள்ளும்.

இன்று ராத்திரி விளக்கை இழுத்து வைத்து உங்கள் கால் பெருவிரலைப் பாருங்கள். நக முனையிலோ ஓரத்திலோ வெள்ளையாக, மஞ்சளாக ஒரு திட்டு இருக்கிறதா? நகம் தடித்து, நகவெட்டியின் வாய்க்குள் நுழைய மறுக்கிறதா? குச்சியால் லேசாகச் சுரண்டினால் அடியிலிருந்து தவிடு மாதிரி உதிர்கிறதா? பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

“நகச்சொத்தைதானே, மருதாணி அரைச்சு வைம்மா, சரியாப்போயிடும்” என்பார்கள். மருதாணியும் நெயில் பாலிஷும் நகத்தின் நிறத்தை மறைக்கும், அவ்வளவுதான். அடியில் பூஞ்சை வேரை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகுவதும் நம் வீடுகளில் உண்டு. புளிப்புச் சாறு ஏற்கெனவே வெந்த தோலை இன்னும் புண்ணாக்கும், தயவுசெய்து வேண்டாம்.

இதைவிட எனக்குப் பெரிய பயம், மெடிக்கலில் “அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க” என்று கேட்டு வாங்கும் களிம்பு. அப்படிக் கைமாறும் பல டியூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசியதும் சிவப்பு அடங்கும், அரிப்பு நிற்கும், குணமானதாகத் தோன்றும். பூஞ்சையோ பரவிக்கொண்டிருக்கும். சாதாரணக் களிம்பு தடித்த நகத்தை ஊடுருவி உள்ளே போவதும் கிடையாது. இந்தியாவில் படர்தாமரையாகப் பரவியிருக்கும் ஒரு பூஞ்சைக்கு 2020-ல் ‘ட்ரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே’ என்று பெயர் வைத்தார்கள். வழக்கமான டெர்பினாஃபைன் மாத்திரைக்கே அதில் பல வகைகள் மசிவதில்லை. கண்ட டியூபைப் பூசும் பழக்கத்தை இதற்கு மேலும் தொடரலாமா?

சொத்தையாகத் தெரியும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மற்றவை பழைய அடியாகவோ சோரியாசிஸாகவோ இருக்கும். அதனால் மாத்திரைக்கு முன் சோதனை வேண்டும். நகத் துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், எளிய சோதனைதான். ஊர் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஜிப்மரிலோ கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ தோல் பிரிவுக்குப் போங்கள். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தால் தள்ளிப்போடவே கூடாது. அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பூஞ்சை என்று உறுதியானால் டெர்பினாஃபைன் பொதுவாகக் கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் முன்னதாக ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். இட்ராகோனசோல் கொடுத்தால் இதயக் கோளாறு இருப்பதையும், கொழுப்புக்கும் அல்சருக்கும் சாப்பிடும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடாதீர்கள். கால்நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். சொத்தை முழுக்க வெளியேற ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். இரண்டு மாதத்தில் நகம் மாறவில்லையே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

வயலிலிருந்து ஏறியதும் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். வீடு முழுக்க ஒரே நகவெட்டி என்பதை இன்றோடு விடுங்கள். பருத்தி சாக்ஸை தினமும் மாற்ற வேண்டும், ஷூவை வெயிலில் வைக்க வேண்டும். சேற்றுப்புண்ணுக்கும் சேர்த்தே மருந்து போடாவிட்டால் நகத்துக்கு மறுபடியும் தொற்றும்.

சர்க்கரை இருப்பவர்கள் விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். மரத்துப்போன காலில், தடித்த நகம் அடிச்சதையை அழுத்திப் புண்ணாக்குவது அவர்களுக்குத் தெரியாது. அந்த வழியாகக் கிருமி நுழைந்தால் விரலையே எடுக்கும் நிலை வரலாம். கால் சிவந்து சூடாகி, வீக்கம் மேலே ஏறினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வயதான அப்பாவால், அம்மாவால் குனிந்து தன் கால்நகத்தைப் பார்க்க முடியாது. விளக்கை எடுத்துக்கொண்டு போய் நீங்கள் பாருங்கள்.