ஒரு மீட்டர் என்றால் எங்கிருந்து?

மலருக்கு போட்டோ பிடிப்பதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "எல்லார் கையிலும் செல்போன் இருக்கே, இதுல எழுத என்னடா இருக்கு?" என்று அறை நண்பன் கேட்டான். இருக்கிறது. செல்போன் தானாகச் செய்துவிடும் ஒரு வேலையை நான் கையால் செய்யப் போய்க் கோட்டை விட்ட கதை இது.

பிலிம் காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த என் மாமா, அவருடைய பழைய நிக்கார் 24 மி.மீ. எஃப்/2 லென்ஸை எனக்குக் கொடுத்தார். ஆட்டோஃபோகஸ் கிடையாது, வளையத்தை நாமே திருப்ப வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் நிக்கான் டி3200-ல் அது அழகாக உட்கார்ந்துகொண்டது. நிக்கான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்ட்தான் இரண்டிலும். ஆனால் இந்த லென்ஸை மாட்டினால் கேமரா வெளிச்சத்தை அளந்து சொல்லாது. எம் மோடில் வைத்து, ஷட்டரைக் குத்துமதிப்பாகப் போட்டு, படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இதை 'ஃபாஸ்ட்' லென்ஸ் என்கிறார்களே, எதில் வேகம்? எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 24-ஐ 2-ஆல் வகுத்தால் திறப்பு 12 மி.மீ. கேமராவோடு வரும் கிட் லென்ஸ் அதே 24-ல் ஏறத்தாழ எஃப்/4 தான் திறக்கும், அதாவது 6 மி.மீ. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. முதல் வருஷக் கணக்குதான். ஆகவே 1/15 வினாடி கேட்கிற இடத்தில் இதற்கு 1/60 போதும். கை நடுக்கம் படத்தில் விழாது.

இந்த நான்கு மடங்கு எனக்குத் தேவைப்பட்டது கொல்லிமலையில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, சோளக்காடு பக்கம் என் வகுப்புத் தோழன் வீட்டுக்குப் போனோம். அவன் தாத்தா இறந்தபோது மாலை போடக்கூட ஒரு படம் இல்லையாம். வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். முகம் இருக்கிறது, கண் இல்லை. "அப்பாயிக்காச்சும் ஒரு நல்ல படம் எடுத்துக் குடுடா" என்றான்.

அப்பாயி நாள் முழுக்க இருப்பது அடுப்படியில். அதுவோ சின்ன அறை. நார்மல் லென்ஸ் போட்டால் நான் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். வைடு ஆங்கிள்தான் வழி. பிளாஷ் அடித்தால் அடுப்புப் புகையில் பட்டு வெள்ளையாகத் திரும்புகிறது, அப்பாயியும் கண்ணை மூடிக்கொள்கிறார். எஃப்/2-ஐத் திறந்தேன். களி கிண்டிக்கொண்டிருந்தார். நான் சிவில் மாணவன் அல்லவா, பையில் ஸ்டீல் டேப் இருந்தது. லென்ஸ் விளிம்பிலிருந்து அவர் முகத்துக்குச் சரியாக ஒரு மீட்டர் பிடித்து, வளையத்தையும் ஒரு மீட்டரில் வைத்தேன். "கண்ணு, அளந்து முடிஞ்சுதா? களி அடிப்பிடிக்குது" என்றார். பத்துப் பன்னிரண்டு படம். கேமராத் திரையில் எல்லாமே பிரமாதம்.

ஹாஸ்டலில் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினால், களித் துடுப்பு பளிச்! முகம் மங்கல்! அத்தனை படத்திலும் அப்படியே. நண்பனிடம் காட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

எங்கே தப்பு? "வைடு ஆங்கிளுக்கு ஃபோகஸே வேண்டாம், எல்லாம் தெளிவாக விழும்" என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவியத் தூரத்தின் வர்க்கம் 576. அதை, எஃப் எண்ணையும் 0.02-ஐயும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். (0.02 மி.மீ. என்பது டி3200 போன்ற சின்ன சென்சாரில் கண் பொறுத்துக்கொள்ளும் மங்கலின் அளவு.) எஃப்/2-க்கு 14.4 மீட்டர் வருகிறது. இதற்கு ஹைப்பர்ஃபோகல் தூரம் என்று பேர். வளையத்தை அங்கே வைத்தால் அதில் பாதி தூரத்திலிருந்து, அதாவது 7.2 மீட்டரிலிருந்து, கண்ணுக்கெட்டிய வரை தெளிவு. எஃப்/8-ல் அது 3.6 மீட்டர்; 1.8-லிருந்தே தெளிவு. ஆகாய கங்கை அருவிக்கு அதுதான் வைத்தேன், ஃபோகஸைத் தொடவே இல்லை. அங்கே வெளிச்சம் ஏராளம், எஃப்/2-க்கு வேலையே கிடையாது. சாரலைத் துடைக்கத்தான் நேரம் போனது!

ஆனால் கிட்டத்தில் கதை வேறு. எஃப்/2-ல் ஒரு மீட்டரில் வைத்தால் தெளிவு 93 செ.மீ.யிலிருந்து 107 வரைதான். மொத்தம் 14 செ.மீ., ஒரு சாண்கூட இல்லை. இதில் நான் செய்த கோளாறு, டேப்பை லென்ஸ் விளிம்பிலிருந்து பிடித்தது. வளையத்தில் உள்ள தூரம் சென்சாரிலிருந்து கணக்கு. கேமராவின் மேல்பக்கம் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடுதான் சென்சார் இருக்கும் இடம். அங்கிருந்து என் லென்ஸ் விளிம்பு சுமார் 10 செ.மீ. ஆக அப்பாயி முகம் இருந்தது 110-ல். எல்லைக்கு வெளியே! சர்வேயில் இப்படிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு அளந்திருந்தால் சார் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று: லென்ஸின் மேல் பொறித்திருக்கும் தெளிவு எல்லைக் கோடுகள் 35 மி.மீ. பிலிமுக்குப் போட்டவை. சின்ன சென்சாரில் அவ்வளவு கிடைக்காது. எஃப்/8 வைத்தால் எஃப்/5.6 கோட்டைப் பாருங்கள். வியூஃபைண்டரையும் முழுசாக நம்பாதீர்கள். எஃப்/2-ன் மங்கலை இந்தச் சின்னக் கேமராக்களின் வியூஃபைண்டர் உள்ளபடி காட்டாது.

ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மறுபடி மலை ஏறினோம். ராத்திரி ஆட்டத்துக்கு எஃப்/2-ல் மூன்று மீட்டரில் வளையத்தை வைத்து டேப் ஒட்டிவிட்டேன். சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து 3.8 வரை தெளிவு. ஆடுகிறவர் அந்த இடைவெளிக்குள் வரும்போது மட்டும் அமுக்கினேன்.

மறுநாள் அடுப்படி. இந்த முறை 1.2 மீட்டர் தள்ளி, கேமராவை முக்காலியில் வைத்து, எஃப்/2.8-க்கு இறக்கினேன். பாதியான வெளிச்சத்துக்கு ஈடாக ஐ.எஸ்.ஓ.வை 1600-லிருந்து 3200 ஆக்கினேன். தெளிவு 28 செ.மீ. ஆனது, முகமும் துடுப்பும் இரண்டுமே அடங்கும். டேப்பை நம்பாமல் லைவ் வியூவில் அப்பாயியின் கண்ணைப் பெரிதாக்கி, இமை முடி தெரிகிறவரை வளையத்தைத் திருப்பினேன். பிறகு அவர் நிமிரும்போதெல்லாம் ஒரு படம். முகத்தை நடுவிலேயே வைத்தேன்; ஓரத்துக்குப் போனால் வைடு ஆங்கிள் முகத்தை இழுத்துவிடும்.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். அப்பாயி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேரனைத் திரும்பிப் பார்த்து, "செவுரு இத்தன கரியாவா இருக்குது? வர்ற பொங்கலுக்கு வெள்ள அடிக்கோணும்டா" என்றார்.