மதிலைத் தாண்டிய நோய்

கருங்கடலை ஒட்டிய கிரிமியாவில் ஜெனோவா நகர வணிகர்கள் கட்டியாண்ட துறைமுகம் காஃபா. 1346-இல் மங்கோலிய வழிவந்த ஜானி பெக் கானின் படை அதை முற்றுகையிட்டிருந்தது. மதில் அசையவில்லை. ஆனால் படையின் பாளையத்துக்குள் பிளேக் புகுந்தது. அம்பு படாமலே வீரர்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தார்கள்.

இறந்தவர்களின் உடல்களைக் கல்லெறி பொறியில் ஏற்றி ஊருக்குள் வீசினார்கள் என்று எழுதிவைத்தவர், இத்தாலியின் பியாசென்சாவைச் சேர்ந்த கப்ரியேலே தே முசி. அவர் அதை நேரில் கண்டவர் அல்லர் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. பிணம் விழாமலும் நோய் நுழைந்திருக்கும். எலிக்கும் அதன் உடம்பில் ஒட்டிய தெள்ளுப்பூச்சிக்கும் எந்த மதிலும் தடையில்லை.

1347 அக்டோபரில் கிழக்கிலிருந்து நோயையும் சுமந்து வந்த ஜெனோவாக் கப்பல்கள் சிசிலியின் மெசினாவில் கரைசேர்ந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டுபோனார்கள்.

தற்காப்பு வழியைக் கண்டதும் ஒரு துறைமுகம்தான். 1377-இல் அட்ரியாட்டிக் கரையின் ரகூசா, அதாவது இன்றைய துப்ரோவ்னிக், நோய் கண்ட ஊர்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் தனியே நிறுத்தியது. பின்னாளில் அது 40 நாளானது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு ஒலித்த ‘குவாரண்டைன்’ என்ற சொல், இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் ‘குவாரந்தா’விலிருந்து வந்தது.