மண்ணும் மாணவரும் – 7: கூரையில் பெய்யும் கணக்கு

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கல்விக்கூடங்களில் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று தீர்ப்பளித்ததைச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அதை நிறைவேற்றாமல் மாநிலங்கள் காலங்கடத்தவே, 2003 டிசம்பரில் நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. அதன்பின் பாடம் வந்தது, புஸ்தகம் வந்தது, பரீட்சையும் வந்தது. பரீட்சைக்கென்று வந்த விஷயம் விடைத்தாளோடு விடைபெற்றுப் போய்விடுகிறதே என்பதுதான் என் விசாரம்.

அதே 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. சென்னைக்கு அருகே ஒரு பள்ளிக்கு ஐப்பசி மாதத்தில் நான் சென்றிருந்தபோது, வகுப்பறையில் குழந்தைகள் மழைநீர் சேகரிப்பின் ஐந்து பயன்களை ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலோ, மொட்டைமாடியிலிருந்து இறங்கிய குழாய் இடுப்புயரத்தில் உடைந்து, அந்த மழைநீரெல்லாம் வாசல் வழியாகத் தெருச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. சேகரிப்புத் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னேன். ஜல்லியும் மணலும் நிரப்பியிருந்த அந்தக் குழி, ஆண்டாண்டாக இறங்கிய வண்டலால் மேல்வரை இறுகிக் கிடந்தது. மேல்மணலை மழைக்காலத்துக்கு முன் அள்ளிக் கழுவிப் போடவேண்டும். கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துவரும் முதல் மழையைக் குழிக்குள் விடாமல் வெளியே திருப்ப வேண்டும். இவ்விரண்டும் ஐந்து பயன்களின் பட்டியலில் இல்லை.

குழந்தைகளை மாடிக்கு அழைத்துப்போய் அளவு நாடாவைக் கையில் கொடுத்தோம். நீளம் 25 மீட்டர், அகலம் 20 மீட்டர். ஆக, 500 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் என்று தெரிந்ததும் மற்றதை அவர்களே பெருக்கிவிட்டார்கள். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. எனவே அந்த ஒரு கூரையில் விழுவது 7 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகியும் சிதறியும் போனதாகத் தள்ளினாலும் 5,60,000 லிட்டர் நிற்கும். கோடையில் பள்ளிக்கு வரும் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொள்வது. 46 லாரிக்கு மேற்பட்ட தண்ணீர் தம் தலைக்கு மேலேயே பெய்து வீணாவதை அறிந்த அந்தப் பிள்ளைகள் மௌனமாகிவிட்டார்கள். எந்த உபந்நியாசமும் அந்த மௌனத்தை உண்டாக்கியிராது.

1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலின் வாயிலாகவே அறிவு புகட்டப்பட வேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தியதன் தாத்பரியம் எனக்கு அந்த மாடியில்தான் பிரத்தியட்சமாயிற்று. ராட்டினம் கற்பிக்கக்கூடிய கணக்கைக் கூரையும் குழாயும் கற்பிக்கும். சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல் உரமாகும் குழி ரசாயனத்தைக் கற்பிக்கும். பள்ளியின் பராமரிப்பு வேறு, பாடம் வேறு என்று நாம் பிரித்து வைத்ததே தவறு. பராமரிப்பை ஒப்பந்தக்காரரிடமும் பாடத்தை உபாத்தியாயரிடமும் விட்டுவிட்டதால் இரண்டும் கெட்டன.

வாசகர்களே, ஐப்பசி பிறக்குமுன் உங்கள் குழந்தை படிக்கும் பள்ளிக்கு ஒரு நாள் போய், அந்தக் குழியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.