புயலுக்குப் பின் புனரமைப்பு: சேவை ஸ்தாபனங்களுக்கு அரசாங்க நிதி

புயலோ வெள்ளமோ ஒரு நகரைத் தாக்கும்போது வீடுகளோடு பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் நூலகங்களும் சேதமுறுகின்றன. இவற்றுள் பல, லாப நோக்கமற்ற ஸ்தாபனங்களால் நடத்தப்படுபவை. இவை மீண்டும் திறக்கப்படாவிடில், மக்கள் வீடு திரும்பிய பின்னரும் ஊர் பழைய நிலையை அடைவதில்லை. ஆகவே, இத்தகைய ஸ்தாபனங்களின் புனரமைப்புக்குப் பொது நிதியிலிருந்து உதவ அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு முறை வகுக்கப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டம் இதற்கு ஆதாரமாகும். ‘ஃபீமா’ எனப்படும் மத்திய அவசரகால நிர்வாக இலாகா இதனை நிறைவேற்றி வருகிறது.

தகுதிகள்

முதலாவதாக, ஜனாதிபதியின் பிரகடனத்தில் அப்பகுதி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்தாபனம் லாப நோக்கமற்றது என்பதை வரி விலக்குச் சான்றிதழாலோ மாநிலச் சட்டப்படி பெற்ற சான்றாலோ மெய்ப்பித்தல் அவசியம். சேதமுற்ற காலத்தில் கட்டடம் உபயோகத்தில் இருந்திருக்க வேண்டும். வாடகைக் கட்டடமாயின், பழுதுபார்க்கும் பொறுப்பு ஸ்தாபனத்தைச் சார்ந்தது என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும். ஒரே கட்டடம் பல காரியங்களுக்குப் பயன்பட்டால், பாதிக்கு மேற்பட்ட இடம் தகுதியுள்ள சேவைக்கு உரியதாக இருக்க வேண்டும்.

இருவகைப் பணிகள்

கல்வி, மருத்துவம், குடிநீர், மின்சாரம், தீயணைப்பு முதலியவை இன்றியமையாப் பணிகளாகக் கருதப்படுகின்றன. நூலகம், பொருட்காட்சிசாலை, முதியோர் நிலையம் போன்றவை மற்றொரு வகை. இவ்வகையினர் நிரந்தரப் பழுதுபார்ப்புக்கு மானியம் கோருமுன், சிறு தொழில் நிர்வாக இலாகாவிடம் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடன் மறுக்கப்பட்டாலோ போதாவிட்டாலோதான் மானியத்துக்கு வழியுண்டு. இடிபாடு அகற்றல் போன்ற அவசர வேலைகளுக்கு இந்நிபந்தனை இல்லை.

இவ்விதிகள் மாறாதவை அல்ல. 2017 ஆகஸ்டில் ‘ஹார்வி’ சூறாவளி டெக்ஸாஸ் மாநிலத்தைத் தாக்கியபோது, பிரதானமாக வழிபாட்டுக்குரிய கட்டடங்கள் இந்நிதிக்குத் தகுதியற்றவையாக இருந்தன. சேதமுற்ற சில தேவாலயங்கள் நீதிமன்றத்தை நாடின. 2018 ஜனவரியில் ஃபீமா தன் கொள்கையைத் திருத்தியது. பிப்ரவரியில் சட்டமும் திருத்தப்பட்டது. அது முதல் எல்லா மதத்தினரின் வழிபாட்டு இடங்களும் விண்ணப்பிக்கலாம்.

நிதியும் கணக்கும்

விண்ணப்பக் கோரிக்கையை, பிரகடனத்தில் அப்பகுதி சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். ஒப்புக்கொள்ளப்பட்ட செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசாங்கம் ஏற்கிறது; பணம் மாநில அரசாங்கத்தின் வாயிலாக வந்து சேரும். எஞ்சிய பங்குக்குத் தொண்டர்களின் உழைப்பையும் பண மதிப்பாகக் கணக்கிட்டு ஈடாகக் காட்டலாம். ஆனால் யார், எந்த இடத்தில், என்ன வேலையை, எத்தனை மணி நேரம் செய்தார் என்ற பதிவேடு இருத்தல் வேண்டும். சேற்றை அள்ளிய நூறு கைகளின் உழைப்பும் பதிவேடு இன்றேல் கணக்கில் ஏறாது.

இன்ஷூரன்ஸ் மூலம் கிடைக்கும் தொகை மானியத்திலிருந்து கழிக்கப்படும். ஒரே நஷ்டத்துக்கு இருமுறை ஈடு பெற இயலாது. ஒப்பந்தங்களைப் போட்டி விலைப்புள்ளி கோராமல் தெரிந்தவருக்கு அளித்தால், பின்னர் நடைபெறும் தணிக்கையில் கொடுத்த பணமே திரும்பக் கோரப்படலாம்.

முன்கூட்டியே செய்ய வேண்டுவன

சேதத்தின் அளவு மட்டும் நிதியைப் பெற்றுத் தருவதில்லை. அதற்குச் சான்று வேண்டும். சான்றுகளோ கட்டடத்தோடு சேர்ந்து நீரில் மூழ்கக் கூடியவை. ஆதலால் பதிவுச் சான்றிதழ், சொத்துப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் பத்திரம், கட்டடத்தின் புகைப்படங்கள் ஆகியவற்றின் பிரதிகளைத் தொலைவிலுள்ள வேறோர் இடத்தில் வைத்திருத்தல் நலம். அமைதியான நாளொன்றில் செய்து முடிக்கக்கூடிய இச்சிறு வேலை, புயலுக்குப் பின் ஒரு பள்ளியின் கதவு மீண்டும் திறக்குமா என்பதைத் தீர்மானிக்கக் கூடும்.