பூனை நனைத்த இடத்தில் பிளீச்சிங் பவுடரா? வேண்டவே வேண்டாம்!

எங்கள் நெருப்பெரிச்சல் பக்கம் பூனை இல்லாத தெருவே கிடையாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பனியன் கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து வீட்டில் வைத்துப் பிசிர் வெட்டிக் கொடுக்கிற வேலை இங்கே பல பெண்களுக்கு உண்டு. துணி மூட்டை இருக்கிற இடத்தைத் தேடி எலி வரும். எலி ஒரு பீஸைக் கடித்தாலும் கூலியில் பிடித்துக் கொள்வார்கள். ஆகவே ஒரு பூனை. அந்தப் பூனையோ, மெத்தென்று அடுக்கி வைத்த பனியன் கட்டைப் பார்த்ததும், "ஆஹா, நமக்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள்" என்று மேலே ஏறி ஒன்றுக்குப் போய்விடுகிறது! எலி கடித்தால் ஒரு பீஸ் போகும். பூனை நனைத்தாலோ கட்டு முழுவதும் நாறும்.

துணியோடு போனாலும் பரவாயில்லை. அந்த நாற்றத்தைப் போக்குவதற்காகச் சில வீடுகளில் செய்கிற காரியம்தான் என்னை இதை எழுத வைத்தது.

ஓர் ஐப்பசி அடைமழையில், எங்கள் தெருவில் எட்டு மாதக் குழந்தையோடு இருக்கிற ஓர் இளம் தாய், குளியலறை மூலையில் பூனை வழக்கமாக நனைக்கிற இடத்தில் இரண்டு கை பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தண்ணீர் தெளித்துத் தேய்த்திருக்கிறாள். சாரல் அடிக்கிறது என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தல். கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தாள். "ஏனுங்கக்கா, கண்ணெல்லாம் எரியுதுங்க, இருமல் நிக்கவே மாட்டேங்குது" என்றாள். "கொழந்தை எங்கே கண்ணு?" என்று கேட்டால், பக்கத்து அறையில் தூளியில்! குழந்தையை வெளித் திண்ணைக்குத் தூக்கி வந்து, கதவு ஜன்னலையெல்லாம் விரியத் திறந்து, இருவரையும் டாக்டரிடம் அனுப்பினேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று? சிறுநீரில் இருக்கிற யூரியா, நேரம் ஆக ஆகக் கிருமிகளால் அம்மோனியாவாக மாறுகிறது. பிளீச்சிங் பவுடரில் இருப்பது குளோரின். இரண்டும் சேர்ந்தால் குளோரமைன் என்ற காட்டமான வாயு கிளம்பும். கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் அது பதம் பார்த்துவிடும். ஆஸ்துமாக்காரர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இன்னும் மோசம். பல நாள் சிறுநீர் ஊறிய மூலை, அடைத்த அறை என்றால் கேட்கவே வேண்டாம். இதோடு கழிவறை ஆசிட்டையும் ஊற்றினால் வருவது நேரடியாகக் குளோரின் வாயுவேதான். பினாயிலும் உதவாது. நாற்றத்தை மேலே மூடுமே தவிரப் போக்காது. தவிர, பூனை அதில் நடந்துவிட்டுக் காலை நக்கும். பினாயில் வகை மருந்துகளைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

சரி, மனிதக் குழந்தையும்தான் நனைக்கிறது. அலசிப் போட்டால் போய்விடுகிறதே, பூனையினுடையது மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது? அதன் சிறுநீரில் ஃபெலினின் என்று ஒரு சத்து இருக்கிறது. வெளியே வந்தபோது அதற்கு அவ்வளவு வாசனை கிடையாது. பிறகு மெல்ல மெல்லச் சிதைந்து கந்தகம் கலந்த பொருள்களாக மாறுகிறது. முதல் நாளைவிட மூன்றாம் நாள் அதிகமாக நாறுவது இதனால்தான். சமையல் கேஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற ஒரு நாற்றப் பொருளைக் கலக்கிறார்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட தங்கை! துளியளவு இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். இந்த ஃபெலினினை உண்டாக்குவதில் பூனைச் சிறுநீரில் இருக்கும் காக்ஸின் என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் எடுத்துக் காட்டினார்கள். காயடிக்காத கடுவனிடம் இது அதிகம். கடுவன் நனைத்த இடம் ஏன் தெரு முனை வரை மணக்கிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டதல்லவா?

ஆக, செய்ய வேண்டிய வேலை இரண்டு. முதலில் ஈரத்தை உறிஞ்சி எடுப்பது. பிறகு மிச்சமிருக்கிற கந்தகப் பொருளை உடைப்பது.

உறிஞ்சுவதற்குத் திருப்பூர்க்காரர்களாகிய நமக்குப் பஞ்சமா என்ன? பனியன் வேஸ்டை நாலு மடிப்பாக மடித்து, நனைந்த இடத்தில் வைத்து அழுத்துங்கள். காலால் மிதித்தாலும் சரி. தேய்க்க மட்டும் கூடாது. தேய்த்தால் பரவும், உள்ளே இறங்கும். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தெளித்து மறுபடி அழுத்தி எடுங்கள். வெந்நீர் வேண்டாம். சூடு பட்டால் புரதம் துணியைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். இதே காரணத்துக்காக, நாற்றம் முழுசாகப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியையும் கிட்டே கொண்டு போகாதீர்கள்.

உடைக்கிற வேலைக்குச் சுலபமான பொருள் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. 1993-ல் அமெரிக்க ரசாயன நிபுணர் பால் கிரெபாம் என்பவர், ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சியடிக்கும் பயங்கர நாற்றத்துக்குப் பெராக்சைடு, சமையல் சோடா, சோப்பு மூன்றையும் கலந்து ஒரு மருந்து சொன்னார். அந்த நாற்றமும் இதே கந்தக வகைதான். அதனால் பூனைக்கும் கைகொடுக்கிறது. பாட்டிலில் '20 வால்யூம்' அல்லது 6 சதவீதம் என்று போட்டிருந்தால் அரை டம்ளர் மருந்துக்கு அரை டம்ளர் தண்ணீர் சேருங்கள். 3 சதவீதம் என்றால் அப்படியே ஒரு டம்ளர். அதில் இரண்டு டீஸ்பூன் ஆப்ப சோடா, சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். கையுறை போட்டுக்கொண்டு, திறந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலந்து உடனே ஊற்றிவிட வேண்டும். மிச்சத்தைப் பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடித்துவிடும். கால் மணி நேரம் ஊறவிட்டு, ஒற்றி எடுத்துத் தண்ணீரால் துடையுங்கள். அதற்குமுன் ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்ப்பது நல்லது. சாயத் துணியை வெளுத்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கடையில் எதுக்குக் காசு? எங்க வீட்டுக்காரர் சாயப்பட்டறையிலதான் இருக்கார், ஒரு பாட்டில் கொண்டாரச் சொன்னாப் போச்சு" என்று நினைக்காதீர்கள். அங்கே துணி வெளுக்கப் புழங்குகிற பெராக்சைடு 50 சதவீதம் வரை வீரியம் உள்ளது. தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பழைய தண்ணீர் பாட்டிலில் அது வீட்டுக்குள் வந்தால், தண்ணீரென்று எடுத்துக் குடிக்கக் குழந்தைகள் இருக்கிறார்கள். வாசல்படி தாண்ட விடாதீர்கள்.

வினிகர் நல்லது என்று பலர் சொல்வார்கள். அது அம்மோனியாவின் காட்டத்தை அடக்கும். கந்தக நாற்றத்துக்கு அவ்வளவு பயன் இல்லை. டைல்ஸ் தரையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். சிவப்புச் சிமெண்டுத் தரை, மொசைக், மார்பிள் இவற்றில் புளிப்பு எதுவும் படக் கூடாது, தரையை அரித்துப் பளபளப்பைக் கெடுத்துவிடும். எலுமிச்சை, புளிக்கும் இதே சட்டம்தான். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறவர்களும் உண்டு. ஒன்றை ஒன்று தீர்த்துக் கட்டிவிட்டு வெறும் உப்புத் தண்ணீராக நிற்கும், அவ்வளவுதான். பெராக்சைடோடு வினிகரைக் கலப்பதோ கூடவே கூடாது.

வீட்டுத் துணிமணி என்றால் பச்சைத் தண்ணீரில் அலசி, உறையில் 'என்ஸைம்' என்று அச்சிட்ட சலவைத்தூளில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பயோ வாஷ் என்று கம்பெனியில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் என்ஸைம்தான். ஆனால் அது பருத்திப் பிசிரைத் தின்பது, இது புரதத்தைத் தின்பது. செல்லப் பிராணிக் கடைகளில் பூனைச் சிறுநீருக்கென்றே என்ஸைம் திரவம் விற்கிறது. விலை கொஞ்சம் கடிதான், ஆனாலும் மெத்தைக்கு அதுதான் சிறந்தது. தெளித்தவுடன் துடைக்காமல் ஈரம் காயாதபடி வைத்திருந்தால்தான் வேலை செய்யும்.

கம்பெனித் துணிக்கு வருவோம். தயவுசெய்து யாருக்கும் தெரியாமல் துவைத்து அடுக்கி அனுப்பாதீர்கள். பனியன் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். செக்கிங்கில் அளவே காட்டிக் கொடுத்துவிடும். யாரோ ஒரு குழந்தை போடப் போகிற சட்டை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நனைந்த பீஸ்களை உடனே தனியே பிரித்து, மற்றவற்றைக் காற்றாட விரித்து, "இத்தனை பீஸ் கெட்டுப் போச்சுங்க" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவதே மேல். அந்த இளம் தாயின் கட்டில் ஒருமுறை ஏழு பீஸ் நனைந்தது. ஏழுக்குப் பிடித்தார்கள், மிச்சத்துக்குக் கூலி வந்தது. மறைத்திருந்தால் கட்டு முழுவதுமே திரும்பி வந்திருக்கும்.

இலவம்பஞ்சு மெத்தையில் மேலாக நனைந்திருந்தால் மேற்சொன்னபடி செய்து இரண்டு நாள் நல்ல வெயில் காட்டலாம். ஆழமாக இறங்கிவிட்டதா? உறையைப் பிரித்துக் கெட்ட பஞ்சை எடுத்து எறிவதுதான் வழி. வேறு சமாதானம் எனக்குத் தெரிந்து இல்லை. சுவரில் கடுவன் பீய்ச்சிய சுண்ணாம்பைச் சுரண்டி, மருந்து போட்டுக் காயவைத்து, மறுபூச்சு பூசுங்கள்.

எங்கே என்றே தெரியாமல் நாறுகிறதா? கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை இரவில் விளக்கணைத்து அடித்துப் பாருங்கள். சிறுநீர்க் கறை மங்கலாக ஒளிரும். வெள்ளைப் பனியனும் பளீரென்று ஒளிரும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். அது வெண்மைக்காகப் போட்ட மருந்து.

சுத்தம் செய்தால் மட்டும் போதுமா? பூனைக்கும் ஓர் இடம் வேண்டுமே! அகலமான பழைய பிளாஸ்டிக் தட்டில் மணலோ தென்னை நார்த்தூளோ மூன்று விரல் உயரம் போட்டு, சோற்றுத் தட்டுக்கு எட்டி, சந்தடியில்லாத மூலையில் வையுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்கு. தினமும் அள்ள வேண்டும். சும்மா கிடக்கிறதே என்று பனியன் வேஸ்டை அதில் பரப்பிவிடாதீர்கள். மெத்தென்ற துணிதான் கழிப்பிடம் என்று பூனை பழகிக் கொண்டால், அடுத்து அது தேடிப் போவது உங்கள் கட்டைத்தான்!

கர்ப்பிணிகள் இந்தத் தட்டை வேறு யாரிடமாவது விடுவது நல்லது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் இருக்கக் கூடும், சிறுநீரில் அல்ல. மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகே அது தொற்றும் நிலைக்கு வரும். ஆகையால் அன்றாடம் அள்ளிவிட்டால் பயம் குறைவு. செய்ய ஆள் இல்லையென்றால் கையுறை போட்டு அள்ளி, சோப்பால் கை கழுவுங்கள். "வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் பூனையா, துரத்து" என்று மாமியார் சொன்னால் இதை எடுத்துச் சொல்லலாம்.

கடுவனுக்கு ஐந்தாறு மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துவிட்டால் சுவரில் பீய்ச்சுகிற பழக்கம் பெரும்பாலும் வராது. நூற்றுக்குப் பத்து பீய்ச்சத்தான் செய்யும். இன்னொன்று. ஒழுங்காகத் தட்டில் போய்க் கொண்டிருந்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் உட்கார்ந்து முக்கினால், சொட்டுச் சொட்டாகப் போனால், அது சேட்டை அல்ல. ஆண் பூனைக்கு மூத்திரப் பாதை அடைத்திருக்கலாம். சுத்தமாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். தரையைத் துடைக்கிற வேலையைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். கூடையில் போட்டுக்கொண்டு அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.