எந்த டேப்பிலிருந்து வந்தது?

ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கோ திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல்லுக்கோ தனியார் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குப் பாட்டு செட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டு நன்றாக இருக்கும் வண்டி வரட்டும் என்று, வந்த வண்டியை விட்டுவிட்டு நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஆம்ப், பாக்ஸ், சப் ஊஃபர் மாட்டிக்கொடுக்கும் தம்பி ஒருவர் டீக்கடை பெஞ்சில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஏனுங்ணா, ராஜா சார் பாட்டெல்லாம் 5.1-ல இருக்குதுன்னு ஒரு பென்டிரைவ் வாங்கியாந்தேன். அன்னிக்கு ரெண்டு பக்கத்துக்குப் பதிஞ்ச பாட்டு இன்னிக்கு ஆறு பக்கம் எப்படிங்க வரும்? பின்னாடி பாக்ஸுல கேக்குறது எங்கிருந்து வந்துச்சுங்க?”

மிகச் சரியான கேள்வி. உலகம் முழுக்கப் பழைய ராக் ஆல்பங்களை ஐந்தாறு ஸ்பீக்கர்களுக்கு மறுபடி கலந்து வெளியிடுகிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய இசையை நடுவில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அதில் நல்லதையும் போலியையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும்.

பதிலை ஏற்காடு ரோட்டிலிருந்தே தொடங்கலாம். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்றும் அங்கே நிற்கிறது. 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அவர்கள் எடுத்த படம்தான். தமிழின் முதல் முழு நீளக் கலர் படம். கலர் வந்துவிட்டது, ஒலி மட்டும் ஒற்றைத் தடத்திலேயே இருந்தது. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே நேரத்தில் வாசித்து, ஒரே பதிவாக எடுத்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. தபேலா எவ்வளவு கேட்க வேண்டும், வயலின் எவ்வளவு என்பதெல்லாம் மைக்குக்கு யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதிலேயே பாதி முடிந்துவிடும். கடைசியில் பிலிமின் ஓரத்தில் மெல்லிய கோடாக அச்சேறும் ஒலிக்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். பிசைந்த சோற்றிலிருந்து ரசத்தை மட்டும் எடுத்து வை என்றால் முடியுமா?

பல தடப் பதிவு வந்தபோது இந்த நிலை மாறியது. அகலமான டேப்பில் பக்கத்துப் பக்கத்தில் பல கோடுகள்; ஒன்றில் டிரம்ஸ், ஒன்றில் பேஸ், ஒன்றில் குரல். வேறு வேறு நாளில் கூடப் பதியலாம். கடைசியில் மிக்சிங்கில் உட்கார்ந்து இரண்டு ஸ்பீக்கருக்குக் கலந்து ஒரு ஸ்டீரியோ டேப்பில் எடுப்பார்கள். கடைக்கு வருவது அதன் பிரதி. கலப்பதற்கு முன் இருந்த பல தட டேப் ஸ்டுடியோ அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அது இன்னும் இருக்கிறதா, அழிந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இருந்தால், நாற்பது ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் அதை எடுத்து, குரலை முன்னாலும் கோரஸைப் பின்னாலும் வைத்து, புதிதாகக் கலக்கலாம். பின்னால் கேட்கும் கிதார் அன்றைக்கு வாசித்த அதே கிதார்தான்.

பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் வந்தது, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் 16 தடத்தில் பதிவானது. அதில் ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் ஏராளமான கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அலறும். பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய், ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிந்துகொண்டு வந்தார். ஆல்பத்துக்காக அல்ல. நான்கு மூலைக்கு நான்கு ஸ்பீக்கர் வைக்கும் குவாட்ரஃபோனிக் முறை அப்போது புதிது. அதைப் பரிசோதிக்க எடுத்த ஒலி அது. பிறகுதான் பாட்டுக்குள் வந்தது. இந்தக் குழு 1967-லேயே லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் ரசிகர்களைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்துக் கச்சேரி செய்திருக்கிறது. ஆகவே இந்த ஆல்பத்தைச் சுற்றிலும் கேட்பது அதன் பிறப்பிலேயே இருந்த ஆசை.

பார்சன்ஸ் அப்போதே இதற்கு நான்கு ஸ்பீக்கர் கலவை ஒன்று செய்தார். ஆனால் குவாட்ரஃபோனிக் எழுபதுகள் முடிவதற்குள் படுத்துவிட்டது. ஒரு கம்பெனி எஸ்.க்யூ. என்றது, இன்னொன்று க்யூ.எஸ். என்றது, மூன்றாவது சி.டி.-4 என்றது. ஒன்றின் ரெக்கார்டு இன்னொன்றின் மெஷினில் சரியாகப் பேசாது. 2003-இல், ஆல்பத்துக்கு முப்பது வயதானபோது, ஜேம்ஸ் கத்ரி 5.1-க்குக் கலந்தார். ஐம்பதாவது வருடமான 2023-இல் டால்பி அட்மாஸ் வடிவம் வந்தது. பார்சன்ஸின் பழைய நான்கு ஸ்பீக்கர் கலவையும் 2011-இல் பெட்டித் தொகுப்பில் வெளிவந்ததால் இரண்டு பேர் கைவண்ணத்தையும் இன்று ஒப்பிட்டுக் கேட்கலாம். அதே டேப், அதே வாசிப்பு. ஆனாலும் இரண்டும் வேறு வேறு அனுபவம். கலப்பவரும் ஒரு கலைஞர் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஸ்டீவன் வில்சன் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் இந்த வேலைக்கே பெயர் பெற்றவர். கிங் கிரிம்சனின் 1969-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தை 2009-லும், ஜெத்ரோ டல்லின் ‘அக்வாலங்’ ஆல்பத்தை 2011-லும் மறுபடி கலந்து தந்தார். அவர் முறை எனக்குப் பிடிக்கும். முதலில் பழைய ஸ்டீரியோவை வரிக்கு வரி கேட்டு, எதிரொலி எவ்வளவு, எந்த இடத்தில் கிதார் ஏறுகிறது என்று பார்த்து, பல தட டேப்பிலிருந்து அதையே திரும்பக் கட்டுவார். அது சரியாக வந்த பிறகுதான் சுற்றிலும் விரிப்பார். பழையவர்கள் எடுத்த முடிவை மதித்துவிட்டு மேலே போகிற மரியாதை அது.

அந்தப் பழைய டேப்புகளைக் கையாள்வதும் லேசுப்பட்டதல்ல. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில வகை டேப்புகளில், காந்தத் துகளை ஒட்டவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி, துகள் உரிந்து, பாட்டு போய்விடும். அதனால் டேப்பைச் சுமார் 50 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக வைத்து உலர்த்தி, அது தாங்கும் கொஞ்ச காலத்துக்குள் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

இனி நம் பாட்டுக்கு வருவோம். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் 1978-இல் வந்த ‘ப்ரியா’ படத்துடையவை என்பார்கள். ஆனால் தியேட்டர் அதற்குத் தயாராக இல்லை. 70 எம்.எம்.மில் ஆறு தட ஸ்டீரியோவோடு 1986-இல் ‘மாவீரன்’ வந்தது. டால்பி ஸ்டீரியோ 1995-இல் ‘குருதிப்புன’லோடு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எல்.பி. ரெக்கார்டில் இரண்டு பக்கமாக இருந்த பாட்டை, தியேட்டரில் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரே பக்கமாகத்தான் கேட்டோம். ஊரில்? ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில், கல்யாண வீட்டு வாசலில், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் சசிதரனின் பேஸ் கிதார் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும். குரல் ஒரு வழியில் போக, அது இன்னொரு வழியில் போய்ப் பல்லவி முடிகிற இடத்தில் வந்து சேரும். சதானந்தத்தின் கிதாரும் புருஷோத்தமனின் டிரம்ஸும் அதன் மேல் உட்காரும். ராக் இசைக்குழுவின் எலும்புக்கூடு அப்படியே அங்கே இருக்கிறது. பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. குழாய் ஸ்பீக்கரோ சில நூறு அதிர்வுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. வயற்காடு தாண்டிக் குரல் போய்ச் சேரத்தான் அதைச் செய்தார்கள். அந்த வேலையை அது அருமையாகச் செய்தது. ஆனால் இந்தச் சமவெளியில் ஒரு தலைமுறையே அந்தப் பாட்டுகளை மனப்பாடமாக அறிந்தும், அந்தப் பேஸை அதன் முழு ஆழத்தில் கேட்காமலே வளர்ந்தது. தம்பி மாட்டிய சப் ஊஃபரில், நாற்பது வருடம் கழித்து, ராசிபுரம் பஸ்ஸில்தான் பலருக்கு அது முதல்முறை காதில் விழுகிறது. ஆறு ஸ்பீக்கர் வேண்டாம்; நல்ல ஸ்டீரியோவே பாதிப் புதையலை வெளியே எடுத்துவிடும்.

தனித் தடங்கள் இல்லாதபோது என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. ஒன்று, மறுபடி வாசிப்பது. 1960-இன் ‘முகல்-ஏ-ஆஸம்’ 2004-இல் வண்ணமேற்றப்பட்டு வந்தபோது, பாட்டுக் குரல்களைப் பழைய பதிவிலிருந்தே எடுத்துக்கொண்டு, பின்னணி இசையை உத்தம் சிங் புதிதாக வாசிக்கவைத்து ஆறு தடத்துக்குக் கொண்டுபோனார். இசையமைத்த நௌஷாத் அப்போது உயிரோடு இருந்தார். நம் ‘கர்ண’னும் 1964-இன் ஒற்றைத் தட ஒலியிலிருந்து இன்றைய தியேட்டருக்கு மாற்றப்பட்டு 2012-இல் வெளியாகி, நூறு நாளைத் தாண்டி ஓடியது. தியேட்டரில் படம் பார்க்க இது தேவைதான், மறுக்க மாட்டேன். ஆனால் புதிய கை வாசித்தது எது, பழைய கை வாசித்தது எது என்று கேட்பவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது வழி அண்மையில் திறந்தது. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ 1966-இல் வெறும் நான்கு தடத்தில் பதிவானது. ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் டிரம்ஸ், பேஸ், கிதார் மூன்றும் ஒரே தடத்தில் சேர்ந்து கிடந்தன. சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் கற்றுக்கொடுத்து அவற்றைப் பிரித்தெடுக்க, ஜைல்ஸ் மார்ட்டின் 2022-இல் புதிதாகக் கலந்தார். மறுவருடம், ஜான் லெனன் எழுபதுகளில் வீட்டில் கேசட்டில் பதிந்த குரலைப் பியானோவிலிருந்து பிரித்து ‘நவ் அண்ட் தென்’ வெளியானது. பிசைந்த சோற்றுக்கு நான் சொன்ன விதி இங்கே தளர்ந்துவிட்டது. ஏற்காடு ரோட்டுப் பாட்டுகளுக்கும் ஒருநாள் இது கைகொடுக்கலாம், நல்ல மூலப் பிரதி கிடைத்தால்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது தம்பி, “அப்ப என் பென்டிரைவ் எந்த வகைங்ணா?” என்றார். பட்டறைக்கே போய்ப் பார்த்தோம். வழி எளிது: முன்னால் இருக்கும் மூன்று பாக்ஸையும் சப்பையும் கழற்றிவிட்டு, பின்பக்க இரண்டை மட்டும் ஓடவிடுங்கள். ஒரு எண்பதுகளின் டூயட்டைப் போட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து, எதிரொலி மட்டும் பெரிதாகக் கேட்டது. வயலின்கள் பளிச்சென்று, தபேலாவைக் காணோம்.

காரணம் இதுதான். ஸ்டீரியோவில் குரல் நடுவில் இருப்பதற்கு, இடது வலது இரண்டிலும் ஒரே அளவில் அது இருக்கும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் நடுவில் இருப்பது அழிந்து, ஓரத்தில் இருப்பது மிஞ்சும். குரலின் எதிரொலி இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் அதுவும் மிஞ்சும். அந்தக் கழித்த மிச்சத்தைப் பின்னால் அனுப்பி, கீழ்ச்சுருதியைச் சப்புக்குக் கொடுத்து, 5.1 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆம்ப்புக்குள் இருக்கும் டீகோடர் போர்டே இதைச் செய்துவிடும். அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். குரல் தண்ணீருக்கு அடியில் பேசுவதுபோல் நடுங்கி, ‘ச’, ‘ஷ’ எழுத்துகள் உடைந்து கேட்டால் அது கம்ப்யூட்டர் அவசரத்தில் பிரித்தது. பின்னால் ஒரு முழு வாத்தியம், தொடக்கம் முதல் முடிவு வரை, பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் தெளிவாக வந்தால், யாரோ பல தட டேப்பைத் தேடி எடுத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

தம்பியின் மாமா ஒரு காலத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தாராம், எல்.பி. ரெக்கார்டுகள் பரணில் கிடக்கின்றன, 5.1 ஆக்கலாமா என்று கேட்டார். முதலில் ரெக்கார்டைக் கழுவி, நல்ல ஊசி போட்டு, பேஸ், டிரபிள், எக்கோ எதையும் தொடாமல் இரண்டு தடமாக, 24 பிட் தரத்தில் ஏற்றி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள் என்றேன். விளையாட்டையெல்லாம் அதன் நகலில் வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார்.