"நீ சின்னப் பையன்டா!" – இந்த ஒரு சொல்லுக்காகத் தடம் மாறும் பிள்ளைகள்

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். மஃரிபுக்குப் பிறகு வாப்பாவின் கடைக் கல்லாவிலிருந்து 500 ரூபாயை எடுத்து, தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய பையன்களிடம் கொடுக்கிறான். அந்தப் பணத்தில் அவனுக்கு ஒரு டீ கூடக் கிடைக்கவில்லை. "பரவாயில்லையே, தைரியசாலிதான்" என்ற பாராட்டும், தோளில் ஒரு தட்டும்தான் கிடைத்தது. மறுவாரம் அவன் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்து, "இதை அங்கே கொடுத்துட்டு வா" என்கிறார்கள்.

இது விளக்கத்திற்காக நாம் சொல்லும் காட்சிதான். ஆனாலும் படிக்கும்போது நம் தெருவில் உள்ள ஏதோ ஒரு முகம் நினைவுக்கு வரும்.

நல்ல பிள்ளை, மக்தபில் ஒழுங்காக ஓதிய பிள்ளை, ஏன் இப்படிச் செய்கிறது? திருடுவது தவறு என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் அது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டைத் தனியாகச் சிலரும், தம் வயதொத்தவர்கள் பக்கத்தில் இருக்கச் சிலரும் விளையாடினார்கள். வயதொத்தவர்கள் கூட இருந்தபோது ஆபத்தான முடிவுகள் கூடின. 24 வயதைக் கடந்தவர்களை விட, 13 முதல் 16 வயது வரை உள்ளவர்களிடம் இந்த மாற்றம் மிக அதிகமாக இருந்தது. அதாவது, வீட்டில் நம் முன்னால் நிதானமாக இருக்கும் அதே பிள்ளை, கூட்டத்தில் வேறு பிள்ளையாகி விடுகிறான். சுற்றி இருப்பவர்கள் அவனைவிட மூத்தவர்கள் என்றால், அவர்களைப் போல் ஆக வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது.

பெரியவர்களுக்கு இது வசதி. சிறுவன் மீது யாருக்கும் சந்தேகம் வராது. மாட்டினாலும் மாட்டுவது அவன்தான். இதை நம் நாட்டுச் சட்டமும் அறிந்தே வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 78-வது பிரிவின்படி, மதுவையோ போதைப்பொருளையோ கடத்தவும் விற்கவும் 18 வயதுக்குட்பட்டவரைப் பயன்படுத்துபவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஏவியவன்தான் பெரிய குற்றவாளி என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.

இங்கே அபூ மஹ்தூரா (ரலி) அவர்களின் வரலாறு நமக்குப் பெரும் பாடம். ஹுனைன் போர் முடிந்து நபி (ஸல்) அவர்கள் திரும்பும் வழியில், இளைஞர் கூட்டம் ஒன்று பாங்கைக் கேலி செய்து அதைப் போலவே கத்தியது. நபியவர்கள் அவர்களை அழைத்து, உரத்துக் கேட்ட குரல் யாருடையது என்று விசாரித்தார்கள். உடனே எல்லோருடைய விரலும் அபூ மஹ்தூராவை நோக்கி நீண்டது. கூடச் சேர்ந்து கத்தியவர்கள் ஒரு நொடியில் கைவிட்டு விட்டார்கள்!

நபியவர்கள் என்ன செய்தார்கள்? மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பாங்கின் சொற்களைத் தாமே கற்றுக் கொடுத்தார்கள். வெள்ளி இருந்த ஒரு பையைக் கொடுத்து, அவரது நெற்றியில் கை வைத்துத் தடவி, பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். அவர் உள்ளத்தில் இருந்த வெறுப்பு நேசமாக மாறியது. கேலி செய்த அதே குரல் மக்காவின் பாங்குக் குரலானது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், தெருவில் வைத்து அடிக்காதீர்கள். அங்கே இழந்த மானத்தை அவன் மீண்டும் அந்தக் கூட்டத்திடமே தேடுவான். "என்ன செய்தாய்?" என்பதோடு, "கூட யார் இருந்தார்கள்? என்ன சொன்னார்கள்?" என்றும் கேளுங்கள். "வீட்டில் சொல்லிவிடுவோம்" என்று அவர்கள் மிரட்டி வைத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் வீடு தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் அந்த மிரட்டல் செல்லாக்காசாகும்.

தவறைச் சரிசெய்யும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். எடுத்த பணத்தைத் தன் கைச்செலவிலிருந்து சிறிது சிறிதாகத் திருப்பித் தரட்டும். கூடவே, பாராட்டுக் கிடைக்கும் ஒரு வேலையையும் கொடுங்கள். கடைக் கணக்கு எழுதுவது, நோன்புக் கஞ்சி விநியோகத்தில் நிற்பது என எதுவாகவும் இருக்கலாம். நல்ல அண்ணன்மார்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடமாக நம் பள்ளிவாசல் முற்றம் இருக்கட்டும். விஷயம் கைமீறினால், குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

"பரவாயில்லையே" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அந்தப் பையன் கல்லாவில் கை வைத்தான். அந்தச் சொல் அவனுக்கு நம் வீட்டில் கடைசியாக எப்போது கிடைத்தது என்று யோசித்துப் பார்ப்போம். நம் பிள்ளைகளை நல்லோர் கூட்டத்தில் சேர்த்து வைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!